பொய்த்துப் போக வேண்டிய ஆரூடம்



வருங்காலத்தை முன்னதாக அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு பிறந்தது. கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டை நம்பியவர்கள் உண்டு. பல்லி சொல்லுக்குப் பலன் பார்த்தவர்கள் உண்டு. வானொலியில் நாள்தோறும் கேட்கிற வானிலை அறிவிப்பும் ஒருவகையில் ஆரூடந்தான். ஆனால் இரண்டுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு இருக்கிறது. சோதிடர் சொன்னது நடந்துவிட்டால் அவருக்குப் பெருமை. புயலை அறிவிப்பவரின் நிலை அப்படியன்று. கடலோர ஊர்களில் பல உயிர்கள் போகக்கூடும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை ஊரறியச் சொல்லுகிறார். மக்கள் அதைக் கேட்டு மேட்டுநிலத்திற்குச் சென்று, ஓர் உயிரும் போகாமல் தப்பிவிட்டால், அவர் அஞ்சியது பொய்த்துவிட்டது. ஆனால் அவருடைய தொழில் வென்றுவிட்டது. சொன்னது நடக்காமற் போவதே வெற்றி என்று கொள்ளுகிற ஆரூடம் அது.

அத்தகைய ஆரூடம் ஒன்றைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நுரையீரலைப் பற்றிய காசநோய் ஒருவரிடத்தில் எப்படி வளரும், அவர் பிழைப்பாரா, அவரை எவ்வளவு விரைவாகக் காக்கவேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவியைப் பற்றிய பேச்சு இது.

அண்மையில் கொல்லிமலைக்குச் சென்றிருந்தேன். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி என்னும் அடிவாரத்து ஊரிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. ஏற ஏறக் காற்று குளிர்கிறது; மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், பலாவும், காப்பித் தோட்டங்களும் கண்ணில் படுகின்றன. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலை அது. வல்வில் ஓரி ஆண்ட மலை என்று உங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். கொல்லிப்பாவை என்னும் பதுமையைப் பற்றிய பழங்கதையையும் கேட்டிருப்பீர்கள். சிரித்த முகத்தோடு நின்று, நெருங்கியவரைக் கொல்லும் பாவை அது என்பார்கள். காசநோயும் ஏறக்குறைய அப்படித்தான். முதலில் சிறு இருமல். மாலையில் இலேசான காய்ச்சல். அச்சம் தரும் குறி எதுவும் முகத்தில் தெரிவதில்லை. அச்சம் தோன்றும் வேளையிலோ காலம் கடந்துவிட்டிருக்கும்.

மலைமேல் ஓர் அரசு மருத்துவ நிலையத்தில் நான் கண்ட காட்சியைச் சொல்லுகிறேன். நாற்பது வயது மதிக்கத்தக்க உழவர் ஒருவர் அங்கே வந்திருந்தார். சளியைச் சோதித்ததில் அவருக்குக் காசநோய் என்று உறுதியாகிவிட்டது. செவிலியர் அவரை எடை பார்க்கும் கருவியின்மேல் நிற்கச் சொன்னார். சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்தார். குனிந்து அவருடைய இரு கால்களையும் விரலால் அழுத்தி, வீக்கம் உண்டா என்று பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு முழு நிமிடம் அவருடைய மார்பு எழுந்து தாழ்வதை எண்ணினார். விரல் நுனியில் சிறு கருவி ஒன்றை மாட்டி அது காட்டிய எண்ணைக் குறித்தார். கடைசியாக, "அண்ணா, எதையும் பிடிக்காம எழுந்து நில்லுங்க பார்ப்போம்" என்றார். உழவர் மேசையின் விளிம்பைத் தேடினார், கை நடுங்கிற்று.

செவிலியர் இவற்றையெல்லாம் தம் கைபேசியில் பதிந்தார். சற்றைக்கெல்லாம் திரையில் ஓர் எண் தோன்றியது. இத்தகைய நிலையில் உள்ளவர்களுள் 100 பேரில் எத்தனை பேர் இறக்கக்கூடும் என்பதைக் குறிக்கும் எண் அது. அது பத்தைத் தாண்டியிருந்தது. செவிலியர் அதை உழவருக்குக் காட்டவில்லை. உடனே வெளியே சென்று, வண்டிக்கும் நாமக்கல் மருத்துவமனையில் படுக்கைக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்கினார்.

நான் அந்த எடைக் கருவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் நெஞ்சில் வேறொரு நினைவு எழுந்தது.

1974ஆம் ஆண்டு. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருந்தது. என் தாய்மாமன் மலைமேல் தோட்ட வேலை செய்து வந்தார். ஒருநாள் இருமிக்கொண்டே இறங்கி வந்தார். வைத்தியம் பார்க்கும் இடம் ஒன்றிற்கு அவரை அழைத்துச் சென்றார்கள். நோய் இன்னது என்று சரியாகவே கண்டு சொன்னார்கள். மாத்திரையும் சரியாகவே கொடுத்தார்கள். ஒரு தகர டப்பாவில் மாத்திரைகளை அடுக்கி, ஒரு நாளும் தவறாமல் உண்டார். ஆனால் அவரை யாரும் எடை பார்க்கவில்லை. அவர் எழுந்து நிற்க முடிகிறதா என்றும் யாரும் கேட்கவில்லை. மூன்றாவது வாரத்தில் அவர் இறந்துபோனார். டப்பாவில் பாதிக்குமேல் மாத்திரைகள் எஞ்சியிருந்தன. "மருந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தானே, எப்படிப் போனான்?" என்று என் தாய் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் விடை சொல்லவில்லை. விடையை நான் அறிந்துகொண்டபோது அவரும் இல்லை.

விடை இதுதான்: காசநோய்க் கிருமியை மருந்து கொல்லும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். உடல் மிகவும் மெலிந்தவர்க்கும் மூச்சுத் திணறுகிறவர்க்கும் அந்த நாள் கிடைப்பதில்லை. காசநோயால் இறப்பவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறக்கிறார்கள். ஆகவே இவர்க்கு நோய் உண்டா என்னும் கேள்வி முதற்கேள்விதான். இவர் மருந்து வேலை செய்யும்வரை தாங்குவாரா என்பது அதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி. என் மாமனுக்கு முதற்கேள்வியை மட்டும் கேட்டார்கள்.

காசநோயை வெல்லும் முயற்சியில் தமிழ்நாட்டுக்குத் தனியிடம் உண்டு. ராபர்ட் கோக் என்னும் ஜெர்மன் அறிஞர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததை 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அதன் பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நல்ல மருந்து கிடைக்கவில்லை. நல்ல காற்றும், ஓய்வும், ஊட்டமான உணவுமே சிகிச்சையாக இருந்தன. அதற்கெனத் தனி மருத்துவமனைகள் எழுந்தன. சௌரி முத்து என்னும் மருத்துவர் 1928இல் தாம்பரத்தில் நிறுவியது அவற்றுள் ஒன்று. மருந்துகள் வந்த பிறகும், நோயாளியை மருத்துவமனையில் ஓராண்டு வைத்துத்தான் நலமாக்க முடியும் என்றே உலகம் எண்ணியது. நம் நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம். படுக்கைகளோ மிகக் குறைவு.

இந்த நிலையில் 1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. பின்னாளில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது அதுவே. அங்கே நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் மருத்துவமனையில் இருந்தவர்களைப் போலவே நலமடைந்தார்கள். 1959இல் வெளிவந்த இந்த முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. ஏழையின் குடிசையிலும் இந்நோயைத் தீர்க்கலாம் என்று உலகுக்குக் காட்டிய நகரம் நம் சென்னை.

ஆனால் அந்த ஆராய்ச்சியில் நாம் எளிதில் மறந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. வீட்டில் இருந்தவர்களை யாரும் வெறுமனே விட்டுவிடவில்லை. ஊழியர்கள் அவர்களுடைய வீடுகளுக்குச் சென்றார்கள். சொல்லாமல் கொள்ளாமல் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உட்செல்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சை வென்றதற்கு மருந்தும் காரணம். வாசற்படி ஏறி வந்த கால்களும் காரணம். பின்னாளில் பல இடங்களில் மருந்து வீடுவரை சென்றது, கால்கள் செல்லவில்லை.

இப்போது கொல்லிமலைச் செவிலியரின் கைபேசிக்குத் திரும்புவோம். தமிழ்நாடு அரசு, சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்னும் பணியைத் தொடங்கியது. நோய் உறுதியான அன்றே சில எளிய அளவுகளை எடுத்து, கடுமையான நிலையில் உள்ளவர்களைப் பிரித்தறிந்து, அவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பதே அதன் சாரம்.

அந்த அளவுகள் எவை என்பதை மாணவர்கள் அறிந்துகொள்வது நல்லது. முதலாவது, உயரத்துக்கு ஏற்ற எடை. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் உடல் நிறைக் குறியெண். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 35 கிலோ எடை இருந்தால் அவருடைய எண் 13.7. நலமுள்ளவர்க்கு அது 18.5க்குக் குறையலாகாது. 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால் மிகக் கடுமையான மெலிவு என்று கொள்ளுகிறார்கள். இரண்டாவது, கால் வீக்கம். எண் 14க்கு மேல் 16க்குள் இருந்து, இரு கால்களிலும் வீக்கமும் இருந்தால் அதுவும் கடுமையே. ஏனெனில் வீக்கத்தில் தேங்கிய நீர் எடையைக் கூட்டிக் காட்டிவிடும். மூன்றாவது, மூச்சின் வேகம். நிமிடத்துக்கு 24க்கு மேல் போனால் நுரையீரல் தவிக்கிறது என்று பொருள். நான்காவது, இரத்தத்தில் பிராணவாயுவின் நிறைவு. அது 100க்கு 94க்குக் கீழே இறங்கலாகாது. ஐந்தாவது, பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பது.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. எடைக் கருவி, அளவுகோல், கடிகாரம், விரலில் மாட்டும் சிறு கருவி ஆகிய நான்கும் போதும். இவற்றைக் கொண்டு பார்க்க மனமுள்ள ஒருவரும் வேண்டும்.

இத்திட்டத்தில் சேர்ந்த பதிவுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் அடுத்த படியைக் கட்டினார்கள். 2022 சூலை முதல் 2023 சூன் வரை அரசு நிலையங்களில் காசநோய் கண்டறியப்பட்ட ஏறத்தாழ 56,000 பேரின் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். இன்ன எடை, இன்ன மூச்சு, நிற்க முடிந்தது அல்லது முடியவில்லை என ஒவ்வொருவரைப் பற்றியும் முதல்நாள் எழுதப்பட்டிருந்தது. பிறகு அவர் பிழைத்தாரா, இறந்தாரா என்பதும் எழுதப்பட்டிருந்தது. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள உறவைக் கணிதத்தின் துணையால் கண்டு, புதிதாக வரும் ஒருவருக்கு இறப்பு நேரக்கூடிய வாய்ப்பைச் சொல்லும் முறையை வகுத்தார்கள். 2025ஆம் ஆண்டில் அது இத்திட்டத்தின் 'டிபி சேவா' என்னும் செயலியில் சேர்க்கப்பட்டது. இத்தகைய கணிப்பைக் காசநோய்ப் பணியில் கொண்டுவந்த முதல் இந்திய மாநிலம் தமிழ்நாடு. கடுமையான நிலையில் இல்லாதவர்க்கு 100க்கு 1 முதல் 4 வரை இருக்கும் இறப்பு வாய்ப்பு, கடுமையான நிலையில் உள்ளவர்க்கு 10 முதல் 50 வரை உயரக்கூடும் என்று அது காட்டுகிறது.

இது எப்படி இயலுகிறது? பல ஆண்டுகள் பழகிய மருத்துவச்சி ஒருத்தி, வாசலில் நுழையும் பெண்ணின் நடையைப் பார்த்தே பிள்ளைப்பேறு எளிதா அரிதா என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். அவள் கண்ட பல நூறு பேறுகளின் நினைவு அவளுடைய கண்ணில் இருக்கிறது. கணிப்பொறியும் அப்படியே பல்லாயிரம் பேரின் பதிவுகளைப் பார்க்கிறது. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எடைக்கல்லை வைக்கிறது. நிற்க முடியாமைக்கு இத்தனை, மூச்சு வேகத்துக்கு இத்தனை என்று கற்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, நடந்த முடிவுகளோடு ஒத்துவரும் நிறையைத் தேர்ந்துகொள்ளுகிறது.

இதைச் செயற்கை நுண்ணறிவு எனலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். சில குறிகளை எடுத்து நிறை வகுக்கும் முறை புள்ளியியலின் பழைய முறை. இன்று செயற்கை நுண்ணறிவு என்று பெரிதாகப் பேசப்படுவது, குறிகளையும் தானே தேடிக்கொள்ளும் முறை. மார்பின் எக்ஸ்ரே படம் ஒன்றைக் கொடுத்தால், அதன் பல இலட்சம் புள்ளிகளில் எவை நோயைக் காட்டுகின்றன என்று அது தானே கற்றுக்கொள்ளுகிறது. 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்துக் காசநோயைத் தேட, இத்தகைய கணிப்பொறி முறைகளைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. செவிலியரின் கைபேசியில் உள்ள கணிப்பும் இந்தப் புதிய முறையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்று அடக்கமான மூத்த பிள்ளை, மற்றொன்று ஆற்றல் மிக்க இளைய பிள்ளை. இரண்டும் நடந்ததைப் பார்த்தே நடக்கப்போவதைச் சொல்லுகின்றன. அதுவே அவற்றின் வலிமை. அவற்றின் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆபத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1990களில் அமெரிக்காவில் நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி கண்டவர்களுள் யார் யார்க்கு இறப்பு நேரக்கூடும் என்று கணிப்பொறிக்குக் கற்பித்தார்கள். அது மிகத் திறமையாகக் கற்றது. ஆனால் விந்தையான செய்தி ஒன்றையும் கற்றிருந்தது: ஆஸ்துமா உள்ளவர்க்கு நிமோனியா வந்தால் இறப்பு வாய்ப்புக் குறைவு! எந்த மருத்துவரும் இதை ஏற்கமாட்டார். காரணத்தை ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. ஆஸ்துமா உள்ளவர்க்கு நிமோனியா என்றதும் மருத்துவர்கள் அஞ்சி, அவரை உடனே தீவிரக் கண்காணிப்பில் வைத்தார்கள்; அதனால் அவர்கள் பிழைத்தார்கள். கணிப்பொறி பிழைத்ததை மட்டும் பார்த்தது, காத்ததைப் பார்க்கவில்லை. அதன் சொல்லைக் கேட்டு ஆஸ்துமா நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஆராய்ச்சியில் பங்குகொண்ட ரிச் கருவானா என்னும் அறிஞர் இதை இன்றுவரை எச்சரிக்கையாக எடுத்துச் சொல்லி வருகிறார்.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். இன்று கடுமையான நிலையில் உள்ள ஒருவரைக் கண்டறிந்து, மருத்துவமனையில் சேர்த்து, பிழைக்க வைக்கிறோம். நாளை வேறொரு கணிப்பொறி இந்தப் பதிவுகளைப் படிக்கும். 'நிற்க முடியாதவர்களும் பிழைத்துவிடுகிறார்களே. அப்படியானால் அது ஆபத்தான குறி அன்று' என்று அது முடிவு கட்டிவிடக்கூடாது. ஆகவே, ஆரூடம் பொய்த்தால் மட்டும் போதாது. எதனால் பொய்த்தது என்பதையும் எழுதி வைக்கவேண்டும். எந்த நாளில் சேர்த்தோம், என்ன உணவு கொடுத்தோம், யார் உடனிருந்தார் என்பவையும் பதிவில் ஏறவேண்டும்.

மற்றொரு செய்தி கொல்லிமலைக்கே உரியது. அம்மலையின் ஊர்கள் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் காற்றழுத்தம், சமவெளியில் இருப்பதைவிட 100க்கு 10 முதல் 15 பங்குவரை குறைவு. நலமாக உள்ளவருக்கு இதனால் தொல்லை இல்லை. இரத்தம் தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிடும். விரற்கருவியில் ஒன்றிரண்டு புள்ளி குறையலாம், அவ்வளவே. ஆனால் நுரையீரல் பழுதுபட்டவர்க்கு அந்த ஒன்றிரண்டு புள்ளியும் பெரிது. விரற்கருவிக்கும் ஒரு குறை உண்டு. 1970களில் ஜப்பானிய அறிஞர் டக்குவோ அவோயாகி கண்டறிந்த தத்துவத்தால் இயங்குவது அது. ஒளியை விரலின் வழியே செலுத்தி அளக்கிறது. தோலின் நிறம் அந்த ஒளியைப் பாதிக்கிறது. கருவி நலம் என்று காட்டியும் உள்ளே பிராணவாயு குறைந்திருக்கும் நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தாரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டிற்று. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் உழவரின் விரலில் அதை மாட்டும்போது இது நினைவில் இருக்கவேண்டும். எண்ணைப் பார், ஆளையும் பார். செவிலியர் மார்பைப் பார்த்து மூச்சை எண்ணியதன் சிறப்பு இப்போது உங்களுக்கு விளங்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று. கணிப்பொறி படித்த 56,000 பேரும் மருத்துவ நிலையத்தின் வாசலுக்கு வந்தவர்கள். வாசலுக்கே வராமல், குடிசையில் இருமி இருமி மாய்ந்தவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. மலைச்சரிவின் அந்தப் பக்கத்தில், சாலைக்கு வர இரண்டு மணிநேரம் நடக்க வேண்டிய வீட்டில் இருப்பவரைப் பற்றிக் கணிப்பொறி ஒன்றும் சொல்லாது. அது அவரை அறியாது. அவரை அறிய ஒருவர் நடந்து சென்றாக வேண்டும்.

இனி அந்த உழவர் கதைக்கு வருகிறேன். வண்டி வந்து நின்றது. அவரோ ஏற மறுத்துவிட்டார். சாமை கதிர் முற்றியிருக்கிறது, வீட்டில் கண் தெரியாத தாய், மாடு இரண்டு. "மாத்திரையைக் கொடுத்துடுங்க நர்சம்மா, நான் வீட்டிலேயே கிடந்துக்கிறேன்" என்றார். என் மாமன் சொன்னதும் அதுவே. நான் பேச வாயெடுத்தேன், குரல் எழவில்லை.

செவிலியர் புள்ளிக் கணக்கு எதையும் அவரிடம் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் அமர்ந்து, கதிரை அறுக்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். தாய்க்குக் கஞ்சி காய்ச்சித் தர யார் வருவார் என்று கேட்டார். பக்கத்துக் கொல்லைக்காரரை அழைத்துவரச் செய்தார். அரைமணி நேரம் பேசி, மாட்டை ஒருவர் பார்ப்பது, தாயை ஒருவர் பார்ப்பது, கதிரை ஊர்க்காரர் சேர்ந்து அறுப்பது என்று முடிவாயிற்று. அதன் பிறகே உழவர் வண்டியில் ஏறினார். கைபேசியில் எண் தோன்றச் சில நொடிகள் ஆயின. அந்த எண் ஒரு மனிதனைக் காக்கும் செயலாக மாற அரைமணி நேரமும் ஓர் ஊரும் தேவைப்பட்டன.

மருத்துவமனையில் அவருக்கு மருந்தோடு உணவும் சிகிச்சை ஆயிற்று. சார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இங்கே நினைவுகூரத்தக்கது. அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் கொண்ட உணவுப் பொதியை மாதந்தோறும் காசநோயாளிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். முதல் இரண்டு மாதங்களில் 100க்கு 5 பங்கு எடை கூடியவர்களுக்கு இறப்பு ஆபத்து 61 பங்கு குறைவாக இருந்ததைக் கண்டார்கள். நாற்பது கிலோ உள்ளவர்க்கு 5 பங்கு என்றால் இரண்டே கிலோ. அந்த இரண்டு கிலோவும் எடைக் கருவியின்மேல் ஏறி நின்றால்தானே தெரியவரும்?

சில வாரங்கள் கழித்து அதே செவிலியரிடம் விசாரித்தேன். உழவர் வீடு திரும்பிவிட்டார் என்றும், எடை கூடியிருக்கிறது என்றும், தாமே எழுந்து நிற்கிறார் என்றும் சொன்னார். மகிழ்ந்தேன். ஆனால் கணிதம் பயிலும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர் பிழைத்ததனால் அந்த எண் தவறு என்று ஆகாது. சரி என்றும் ஆகாது. 100 பேரில் 20 பேர் இறக்கக்கூடும் என்றால் 80 பேர் பிழைக்கக்கூடும் என்றும் பொருள். ஒருவருடைய வாழ்வைக் கொண்டு வாய்ப்பின் கணக்கைச் சோதிக்க இயலாது. பல்லாயிரம் பேரின் முடிவை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, எதிர்பார்த்த இறப்பைவிட உண்மையில் நேர்ந்த இறப்பு எவ்வளவு குறைந்தது என்று கண்டால்தான் இத்திட்டத்தின் வெற்றி தெரியும். அந்தக் கணக்கைப் பொறுமையோடு போடுகிறவர்களும் உயிர் காப்பவர்களே.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். சிலர் கணிப்பொறிக்குக் கற்பிப்பவர் ஆவீர்கள். பலர் வேறு தொழில்களுக்குச் செல்வீர்கள். எல்லோர் முன்னும் இனி எந்திரங்கள் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். யார் கடனைத் திருப்பித் தருவார், யார் தேர்வில் தவறுவார், யாருடைய நோய் முற்றும் என்றெல்லாம் சொல்லும். அப்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த எண் யாரைப் பார்த்துக் கற்றது? யாரைப் பாராமல் விட்டது? இதைக் கேட்டபின் நான் செய்யவேண்டியது என்ன? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையானால் அந்த எண் வெறும் கிளிச்சீட்டுத்தான்.

என் மாமனின் தகர டப்பா இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மாத்திரைகளை என் தாய் அப்போதே எடுத்து எறிந்துவிட்டார். டப்பாவை எறிய மனம் வரவில்லை. 1974இல் எடைக் கருவி இருந்தது, கடிகாரம் இருந்தது, எழுந்து நில் என்று சொல்ல வாயும் இருந்தது. அவற்றைக் கொண்டு கேட்கவேண்டிய கேள்விதான் இல்லை. இன்று அந்தக் கேள்வி, கொல்லிமலையின் 70 வளைவுகளையும் ஏறி மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏறியது எந்திரத்தின் காலால் அன்று. அதைக் கையில் ஏந்திச் சென்ற ஒருவரின் காலால்.

அந்தக் கால்கள் ஓயாதிருக்கட்டும். மரணத்தைச் சொல்லும் ஆரூடங்கள் மேலும் மேலும் பொய்க்கட்டும்.